முழு மனதுடன்

வலது கையை நற்செய்தி நூலின் மேல் வைத்தாள்.

அட்டை குளிர்ந்திருந்தது.

உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று, சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி திருப்பிச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே பிற்பகல் வெயில். வெயிலுக்கு அப்பால் கடல்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஃபாதர். மறைமாவட்டத்தின் திருமண வழக்குகளை விசாரிப்பவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, சற்றே சரிந்த மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் மடிக்கணினியோடு சிஸ்டர்.

"சொல்லுங்கம்மா. அன்னைக்குப் பீடத்துக்கு முன்னால நின்னு சம்மதம் சொன்னீங்க. அது முழு மனசோட சொன்னதா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பதிலும் தெரியும். காலையில் பஸ் ஏற்றிவிடும்போது அண்ணன் சொல்லித்தான் அனுப்பினான்.

"அப்பா கட்டாயப்படுத்திக் கட்டிவச்சாருன்னு சொல்லிரு. அவரு போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. இனி அவருக்கா வலிக்கப்போவுது?"

ஒரே ஒரு வாக்கியம்.

மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அரசாங்கக் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தாயிற்று. கத்தோலிக்கக் கோயிலில் விவாகரத்து கிடையாது. அந்தத் திருமணம் முதல் நாளிலிருந்தே செல்லாதது என்று தீர்ப்பு வரவேண்டும். வந்தால்தான் ரோமால்ட் அவளுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்ட முடியும்.

ரோமால்ட் கீழே வேப்பமரத்தடியில் நிற்கிறான். கணக்கு வாத்தியார். நாற்பத்தொரு வயது. ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டான். அவளுக்கும் பீடம் வேண்டும். நான்கு வருடமாக இருவரும் காத்திருக்கிறார்கள்.

வாயைத் திறந்தாள்.

அறை மெல்ல நிறையத் தொடங்கியது.

முதலில் சாம்பிராணி வந்தது. பிறகு பிச்சிப்பூ. பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு காலை, ஜன்னல் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, மேசைக் கால்களை நனைத்து, அவள் முழங்கால் வரை ஏறியது. சிஸ்டரின் தலைத்துணி எங்கோ மிதந்தது. பாடகர் குழு ஒரு வரியைத் தொடங்கி, முடிக்காமல், மறுபடி தொடங்கியது.

கோயில் வாசலில் அப்பா. புதுச் சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. அவள் கையைப் பிடித்தவர் உள்ளே போகாமல் நின்றார்.

"ஜெசிந்தா, புடிக்கலைன்னா இப்பவும் சொல்லிரு. இப்படியே திரும்பிருவோம்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே நடந்தாள். தரை தட்டுப்படவே இல்லை.

அந்தச் சிரிப்பு இப்போது அவள் உதட்டில் இருந்தது.

ஃபாதர் அதைப் பார்த்தார்.

"முழு மனசோடதான் ஃபாதர். எங்கப்பா கட்டாயப்படுத்தல. அன்னைக்கு நான் அவ்வளவு சந்தோசமா இருந்தேன்."

மடிக்கணினியில் தட்டும் சத்தம் நின்றது.

நான்கு வருடம் நாற்காலியை விட்டு எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனது போலிருந்தது.

ஃபாதர் பேனாவை மூடவில்லை.

"சரிம்மா. அவரு?"

"ஃபாதர்?"

"மாப்பிள்ள அன்னைக்கு எப்படி இருந்தாரு?"



அந்தக் காலையை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பூ இருக்கிறது. அப்பாவின் ஈரக் கண் இருக்கிறது. பீடத்து மெழுகுவர்த்தி ஒன்று அணைந்து அணைந்து எரிவதுகூட இருக்கிறது. அவளுக்கு வலப்பக்கம் ஒரு கறுப்புக் கோட்டு. கோட்டுக்கு மேலே எதுவும் இல்லை.

இத்தனை முறையில் அந்தப் பக்கம் அவள் திரும்பியதே இல்லை.

இப்போது திரும்பினாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குச் சாமியார் கேட்டார். முழு மனதுடன் சம்மதிக்கிறாயா?

அவன் பேசவில்லை.

சாமியார் மறுபடி கேட்டார். முதல் பெஞ்சிலிருந்து அவன் அம்மா, "சொல்லுல" என்றாள். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று கோயிலே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்து சிரித்தாள்.

அவன் நிமிர்ந்தான். சொன்னான்.

அம்மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

சாம்பிராணி கலைந்தது. பாட்டு நின்றது. முழங்காலிலிருந்து, கணுக்காலிலிருந்து, அந்தக் காலை மெதுவாக இறங்கி, ஜன்னல் வழியாகவே வெளியேறியது. சிமெண்டுத் தரை மட்டும் மிஞ்சியது.

"ரெண்டு தடவ கேட்டாங்க, ஃபாதர்," என்றாள். "நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

சிஸ்டர் தட்டத் தொடங்கினார். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக.

அவள் அழுதாள். ஃபாதர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் அடுத்த தாளை எடுத்தபோது, அவன் அம்மாவின் பெயரையும் அன்று முன்வரிசையில் இருந்தவர்கள் பெயரையும் கேட்டார். இருவரில் ஒருவர் மனமில்லாமல் சொல்லியிருந்தாலும் அந்தத் திருமணம் செல்லாதாம்; சாட்சிக்கு அழைக்க வேண்டுமாம்.

சொன்னாள்.

கீழே ரோமால்ட் அவள் முகத்தைப் பார்த்தான்.  பையை வாங்கிக்கொண்டான். இருவரும் கேட்டை நோக்கி நடந்தார்கள்.

பாதி வழியில் அவள் நின்றாள்.

"நம்மகிட்ட சாமியார் கேக்கும்போது," என்றாள், "நீங்க மொத தடவையிலயே..."

"ம்," என்றான்.

அவள் இன்னும் கேட்டு முடித்திருக்கவில்லை.