கல்யாண போட்டோவைச் சுமந்த பென்டிரைவ்

மேசை டிராயரில் கிடந்த பென்டிரைவுக்கு, இணையத்தில் இருக்கும் கிளவுட் என்றாலே வயிற்றெரிச்சல். "நம்ம பூங்குழலி எல்லா ஃபைலையும் அந்த முகம் தெரியாதவகிட்ட கொடுத்து வச்சிருக்கா. அவ கல்யாண போட்டோவை முதல்ல சுமந்தது நானாக்கும்!" என்று மவுஸிடம் பொருமும்.

ஒருநாள் கணினியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. பூங்குழலி பென்டிரைவை எடுத்துச் செருகினாள்.

"அவசரம்னா யாரைத் தேடுறா, பார்த்தியா?" என்றது பென்டிரைவ்.

"அக்கா, புது சிஸ்டத்தை உனக்குள்ள ஏத்தப் போறா. அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சுடும்" என்றது மவுஸ்.

"உனக்கும் பொறாமை வந்துடுச்சா?"

வேலை முடிந்ததும் கிளவுட் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தது. திரையில் பூங்குழலி மாலையும் கழுத்துமாகச் சிரித்தாள்.

"லட்சணமா இருக்கா. யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டது பென்டிரைவ்.