மூன்றாவது நட்சத்திரம்

சம்பாத்தியோன் ஆற்றில் தண்ணீர் கிடையாது, கற்கள்தான் உருண்டோடும். வாரத்தில் ஒருநாள், ஓய்வுநாளில் மட்டும் ஆறு அசையாமல் கிடக்கும். ஆனால் அன்று பயணம் போவது பாவம். அதனால் அக்கரையில் சிக்கிக்கொண்ட மகனைப் பதினோரு வருடமாக மில்காள் தூரத்திலிருந்தே பார்த்து வந்தாள்.

இன்று அவன் கற்கள்மேல் இறங்கி நடந்துவிட்டான். பாதி வழியில் பொழுது சாய்ந்தது. யார் கண்ணிலாவது மூன்று நட்சத்திரம் பட்டுவிட்டால் ஓய்வுநாள் முடிந்தது, ஆறு புறப்பட்டுவிடும். வானத்தில் இரண்டு வந்தாயிற்று.

“பாவி, இன்னைக்குப் போய் நடக்கிறானே!” என்று ஏசிக்கொண்டிருந்த பெரியவர் எலியாசாப் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கரையிலிருந்த அத்தனை பேரும் குனிந்தார்கள்.

“மேல பாக்காதடா!” என்று அலறிவிட்டு மில்காளும் குனிந்தாள்.

“ஏம்மா, மேல என்ன?” என்றது அவன் குரல்.

அவள் காலடியில் ஒரு கூழாங்கல் மெல்லப் புரண்டது.