தேதி வந்த பக்கம்

ஒரு பக்கம்தான் கூடியிருக்க வேண்டும்.

இரண்டு கூடியிருந்தது.

அவள் கணினியின் கறுப்புத் திரையை மறுபடி பார்த்தாள். கட்டளையை மறுபடி ஓட்டினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. அதே எண்ணிக்கை.

இந்த மென்பொருள் கருவிக்குப் பொய் தெரியாது. வெறும் எழுத்துக் கோப்புகளை ஓர் இடத்தில் போட்டுவிட்டு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும். ஒவ்வொன்றையும் எடுத்து, தலைப்பு வைத்து, தேதி வைத்து, எழுதியவர் பெயர் வைத்து, முழு வலைத்தளமாக அடுக்கித் தரும். எத்தனை பக்கம் செய்தேன் என்று கடைசியில் சொல்லும். அதன் பேச்சு அவ்வளவுதான்.

நேற்று அவள் எழுதியது ஒன்று. சூலூர்க் குளத்தின் மதகைப் பற்றி.

இன்னொன்று?

முகப்பைத் திறந்தாள். இணையத்தில் ஏற்றும் முன் அவள் கணினியில் மட்டும் தெரியும் முகப்பு. அவளுடைய மதகுக்கு மேலே, இன்றைய தேதியில் ஒரு தலைப்பு நின்றது.

'என் குளங்கள்: இன்று மாலை சென்னையில், புத்தகமாக.'

அதன் கீழே,

எழுதியவர்: நவநீதன்.

இந்தத் தளத்தில் இப்படி ஒரு வரி வந்ததே இல்லை.

கோப்பில் பெயர் எழுதியிராவிட்டால் இருவர் பெயரையும் போடு என்று தொடங்கிய அன்றே அவள் விதி வைத்திருந்தாள். கோவையைச் சுற்றியுள்ள குளங்களுக்கெல்லாம் ஆறு வருடமாக, கல்லூரித் தோழன் நவநீதனின் பைக்கில் இருவரும் போய் வந்தார்கள். அவன் படம் எடுத்தான். அவள் எழுதினாள். யாரும் எந்தக் கோப்பிலும் பெயர் போட்டதில்லை. கருவி போட்டது. எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி. நவநீதன், சுகந்தி.

அவன் பெயரை முன்னால் வைத்தவளும் அவள்தான்.

படித்தாள்.

'ஆறு வருடம் தனியாக நடந்தேன். நடந்ததை எழுதினேன்.'

பிறகு புத்தகத்திலிருந்து ஒரு பத்தி. மழைவிட்ட காலையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கின்றன. கொடி கிடைக்காத ஈரத்துணி மாதிரி நிற்கின்றன.

அந்தத் துணிக்காக ஒரு வாரம் அல்லாடியவள் அவள். முதலில் குடை என்று எழுதியிருந்தாள். அடித்தாள். கொடி கிடைத்த அன்று அவனுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினாள்.

கோப்பை யார் எப்போது சேர்த்தார்கள் என்பதற்கும் பதிவு உண்டு. பார்த்தாள்.

மார்கழி.

பனியில் குளம் தெரியாமல் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்த மாதம். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி முதலில் அவளிடம் நீட்டினான். அப்போதே எழுதி, சித்திரையில் வரும் இன்றைய தேதியைப் போட்டு, இருவருக்கும் பொதுவான இடத்தில் வைத்திருக்கிறான். அன்றிலிருந்து அது அவள் கணினியில் இருந்திருக்கிறது. அவள் கட்டளை ஓட்டிய ஒவ்வொரு முறையும், தேதி வராத கோப்பு என்று கருவி சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது.

இன்று தேதி வந்தது. எடுத்து வைத்துவிட்டது.

அதையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பேக்கரியில், தேங்காய் பன்னைத் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் விரலால் கோடு போட்டு.

"நாளைக்குத் தேதி போட்டா நாளைக்குத்தான் வெளிய வரும். நாம மறந்துட்டாலும் அது மறக்காது."

"தானா வந்துருமா?"

"வராது. யாராச்சும் கட்டளை போடோணும்."

"உன்ற மாதிரி ஒரு ஆளு வேணும்னு சொல்லு."

அவன் சிரித்தான். அவளும்.

போன் அடித்தது. அவன்தான். மாமா பையன் கல்யாணம் என்று நேற்றே சென்னைக்குப் போயிருந்தான்.

"ஓட்டிட்டியா புள்ள?"

"இப்பத்தான்."

"அப்படியே ஏத்தி உட்ரு. எப்பவும் மாதிரி. ஒவ்வொண்ணா பாத்துட்டு உக்காராத."

அவன் பின்னால் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு என்று ஒரு குரல்.

"கல்யாணம் எப்படி?"

"ஆங்... நல்ல கூட்டம்."

வைத்துவிட்டான்.

அவள் கோப்பைத் திறந்தாள்.

அழித்துவிடலாம். தேதியைப் பத்து வருடம் தள்ளி வைக்கலாம். அதையும் கருவி பொறுமையாகக் காத்து வைக்கும்.

அவன் எழுதியதில் ஒரு சொல்லையும் அவள் தொடவில்லை. நீர்க்காகங்களையும் தொடவில்லை.

மேலே, தேதிக்கு அடுத்து, அவன் பெயர் இருந்த வரியை மட்டும் நீக்கினாள்.

கட்டளையை ஓட்டினாள்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. அதே எண்ணிக்கை.

பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

'ஆறு வருடம் தனியாக நடந்தேன்.'

அதற்கு மேலே, விதிப்படி,

எழுதியவர்கள்: நவநீதன், சுகந்தி.

எப்போதும்போல் ஏற்றினாள்.