தராசு சார் போட்ட மூணு மார்க்

"நடுவுல திரை கட்டியே ஆகணும் சார். வாசிக்கிறது யாருன்னு எங்களுக்குத் தெரியவே கூடாது. என் பொண்ணும் போட்டியில இருக்கா. நாளைக்கு ஒருத்தரும் என்னைப் பார்த்து விரல் நீட்டிடக் கூடாது பாருங்க!"

இசைக் கல்லூரியின் வயலின் துறைத் தலைவர் மேஜையைத் தட்டிச் சொன்னபோது பிரின்சிபாலுக்குப் புல்லரித்துவிட்டது. மாணவர்கள் அவருக்கு 'தராசு சார்' என்று பெயர் வைத்தது சும்மாவா?

பெரிய ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஒன்று, தன் வாத்தியக் குழுவுக்கு இறுதியாண்டில் ஒரே ஒருவரைக் கேட்டிருந்தது. கிடைத்தால் படிப்பு முடிந்த கையோடு வேலை. கிடைக்காவிட்டால் வீடு வீடாகப் போய் டியூஷன்.

தன் மகள் டியூஷனுக்கு அலைவதை சாரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

போட்டியன்று அரங்கில் திரை தொங்கியது. காலடிச் சத்தத்தில் ஆள் தெரிந்துவிடும் என்று எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். இருமக்கூடக் கூடாது என்றார்.

"இவ்வளவு கறாரா சார்!" என்று வாயைப் பிளந்தார், உடன் மார்க் போட உட்கார்ந்திருந்த தியரி மேடம்.

"நியாயம்னா நியாயம்தான் மேடம்."

அந்தக் கறாரில் ஒரு ஓட்டை இருந்தது. அது சாருக்கு மட்டும்தான் தெரியும். கடை கடையாக ஏறி இறங்கி மகளுக்கு வயலின் வாங்கித் தந்தவர் அவர். தினமும் கண் விழிப்பதே அதன் சத்தத்தில்தான். எத்தனை வயலினுக்கு நடுவில் வைத்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் வாசித்த வயலின் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒலித்தது. சாருக்குச் சட்டென்று விளங்கியது. கல்லூரி ஸ்டோர் ரூம் வயலின்! சொந்தமாக வாங்க வசதியில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு திரிபவள் மகளின் தோழி ஒருத்திதான்.

அந்த ஓட்டை வயலினிலும் விரல்கள் என்னமாய் ஓடின! விட்டால் மகளை முந்திவிடுவாள்.

மூணு மார்க் போட்டார்.

"பத்துக்கு மூணா? நல்லாத்தானே வாசிச்சாங்க?" என்றார், மூன்றாவது நடுவராக வந்திருந்த ஸ்டுடியோவின் சவுண்ட் இன்ஜினியர்.

"சுருதி ஆடுது சார். அதுக்கெல்லாம் காது பழகியிருக்கணும்."

இரவு பகலாகக் காதை வைத்தே பிழைக்கும் அந்த மனிதர் தன் மார்க்கை எழுதக் குனிந்துகொண்டார்.

அடுத்து அந்தச் சத்தம் வந்தது. கனமாக, குழைவாக. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டார்.

மற்றவர்கள் வாசித்ததெல்லாம் அவர் காதில் ஏறவேயில்லை.

மார்க்கைக் கூட்டினார்கள். மற்ற இரு நடுவர்களும் முதலில் வாசித்த இருவருக்குமே அதிகமாக, அதுவும் சமமாகப் போட்டிருந்தார்கள். சாரின் மார்க்தான் தீர்ப்பு. "இரண்டாவதாக வாசித்தவர்!" என்று பிரின்சிபால் அறிவிக்க, திரை விலகியது.

மகளின் வயலினோடு முன்னால் வந்து நின்றாள் தோழி.

பின்னால், ஸ்டோர் ரூம் வயலினைக் கக்கத்தில் இடுக்கியபடி எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள் மகள்.

பிரின்சிபால் ஓடிவந்து சாரைக் கட்டிக்கொண்டார். "பெத்த பொண்ணுக்கு மூணு! கஷ்டப்படுற பொண்ணுக்குப் பத்து! மனுஷன்னா நீங்கதான் சார்!"

சார் சிரித்துவைத்தார். வேறென்ன செய்வார்?

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் வெடித்தார். "அறிவிருக்கா உனக்கு? எவளாவது போட்டியன்னைக்குப் போய் வயலினை மாத்திப்பாளா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான்ப்பா. என் வயலின் சத்தம் உங்களுக்கு நல்லாத் தெரியும். எங்கே அதைக் கேட்டதும் எனக்கு அள்ளிப் போட்டுடுவீங்களோன்னு பயந்துதான் மாத்திக்கிட்டேன். மூணு மார்க்னு சொன்னதும் வெட்கமாப் போச்சு. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே... மன்னிச்சிடுங்கப்பா!"