அச்சில் கீறிய கடவுச்சொல்

மாசிலாமணியின் கணினிக்குள் மூன்று கன்டெய்னர்கள், அதாவது தனித்தனி அறைகள்போல இயங்கும் மென்பொருள்கள், குடியிருந்தன. முகப்பு அவருடைய இணையதளத்தை ஊருக்குக் காட்டும். கிடங்கு அவருடைய மறைந்த மனைவியின் கடிதங்களைக் காக்கும். கிடங்கைத் திறக்கும் கடவுச்சொல் பெட்டகத்திடம் இருக்கும்.

தளத்தைத் திருத்தும்போதெல்லாம் மாசிலாமணி பழைய முகப்பை அழித்துவிட்டு, அதே அச்சில் புதியதை வார்ப்பார். பிறந்ததும் அது கிடங்கைத் திறக்கப் பெட்டகத்திடம் போய்க் கடவுச்சொல்லைக் கேட்டாக வேண்டும்.

“ஒவ்வொரு பிறவியிலும் கையேந்தணுமா?” என்று ஒருநாள் சலித்துக்கொண்ட முகப்பு, சொல்லைத் தன் அச்சிலேயே கீறி வைத்தது.

“அச்சு உன்னோடு நின்றுவிடாது, பிறர் கைக்கும் போகுமே!” என்று பதறியது பெட்டகம். கிடங்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முகம் பார்த்துப் பழக்கமில்லை, சொல் சரியாக இருந்தால் போதும்.

அச்சு அழகாயிருக்கிறதென்று நாலு பேர் கேட்டார்கள். மாசிலாமணி அதை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் பொதுவில் வைத்தார். மறுநாளே முன்பின் தெரியாத ஒன்று வந்து சரியான சொல்லைச் சொன்னது. கிடங்கு திறந்தது. வந்த அது, ஒரு கடிதம்கூட விடாமல் துடைத்துவிட்டுப் போனது.

அடுத்த வாரம் புதிய முகப்பு பிறந்தது. நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. தன்மேல் கீறியிருந்த சொல்லைப் படித்து, உற்சாகமாய்க் கதவைத் தட்டிச் சொன்னது.

கிடங்கு கதவைத் திறந்தது.

“சொல் சரிதான்” என்றது. “உள்ளே வா. மெதுவாகப் பேசு, எதிரொலிக்கும்.”