பன்னிரண்டு நிமிட முட்டை

இரண்டாவது முட்டையும் வேகவில்லை.

நிகோலாசா அதைப் பாறையில் உடைத்தாள். வெள்ளைக்கரு கோழையாக வழிந்தது.

கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஓடியது. பன்னிரண்டு நிமிடம் சரியாகத்தான் வைத்திருந்தாள்.

வெந்நீர் ஊற்றை மாற்றிவிட்டாளோ? இல்லை. விடியுமுன் அவளே படையலாகத் தூவிய கோக்கா இலைகள் அதன் வாயோரம் கிடந்தன. தாத்தியோ மலைவெளியின் குளிரில் ஆவி வழக்கம்போல ஆளுயரம் எழுந்தது.

சரிவுக்குக் கீழே மின்சாரம் எடுக்கும் நீராவிக்கென்று ஒரு கம்பெனி கிணறு தோண்டத் தொடங்கி ஆறு மாதம். ஊற்றுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று கம்பெனிக்காரர்கள் காகிதங்களைக் காட்டினார்கள். ஊர் காகிதத்தை நம்பவில்லை. ஊற்றுக் காவல் பார்க்கும் நிகோலாசா மாதம் ஒரு முட்டையை இதே ஊற்றில் வேகவைத்துக் கொண்டுபோவாள். கூட்டத்தில் எல்லோர் முன்னும் உடைப்பார்கள். கரு கெட்டியாக இருந்தால் கிணறு இன்னும் ஒரு மாதம் ஆழம் போகலாம்.

இதுவரை ஐந்தும் கெட்டி.

இன்று பத்து மணிக்குக் கூட்டம்.

கடைசி முட்டையை வலையில் கட்டி இறக்கினாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து எடுத்தாள். உடைக்கவில்லை. பாறையில் வைத்துச் சுழற்றினாள். வெந்த முட்டை நிற்காமல் சுற்றும். இது அரைச் சுற்றில் தள்ளாடி நின்றது.

முட்டையில் கோளாறா? குளிர் கூடிவிட்டதா? தண்ணீரில் விரல் வைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. சுட்டுவிடும் என்ற பயம் அல்ல.

"அக்கா, முட்டை வெந்துச்சா, இல்ல அடைகாக்குறியா? வண்டி கிளம்புது." வேனிலிருந்து ஓட்டுநர் எலாடியோ கத்தினான்.

வலையை வைக்கப் பைக்குள் கைவிட்டாள். துணியில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. மறந்தே போயிருந்தாள். அவள் புறப்படும்போது மகன் வில்மர் வைத்தது. கிணற்றில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தான். கிணறு நின்றால் அவன் வேலையும் நிற்கும்.

"பசிச்சா சாப்பிடும்மா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அடுப்புப் பக்கமே வராதவன்.

பிரித்தாள். ஒரு முட்டை.

பாறையில் வைத்துச் சுழற்றினாள். பம்பரமாகச் சுற்றியது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனில் ஏறியதும் மகன் தந்த முட்டையை உரித்துத் தின்றாள். கரு கெட்டியாக இருந்தது.

கூட்டத்துக்கான மற்ற முட்டை அவள் மடியில், வலைக்குள், ஈரம் காயாமல் இருந்தது.