வீட்டுக்காரர் சொன்ன மெஷின்

"எங்க வீட்டுக்காரரு கேக்கச் சொன்னாரு நானா, கரண்டு கொறஞ்சா இது ஓடுமா?"

ஹட்டன் பஜார் ஹார்ட்வெயார் கடையில் மூன்று சின்ன மரக் கடைசல் மெஷின்கள் மேசைமேல் இருந்தன. அதில் பளபளவென்று மின்னிய ஒன்றைத் தொட்டுக்கொண்டு கேட்டாள் ஜீவராணி.

"ஓடாம? புது மாடல் தங்கச்சி. வேகத்தைக் கூட்டுறது, கொறைக்கிறது எல்லாம் இந்தப் பட்டன்லதான்" என்றார் கடையில் நின்ற சப்ராஸ் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அந்தப் பட்டன்தான் வேணாம்னாரு. எங்க வட்டகொடைத் தோட்டத்து லய வீடுகள்ல சாயங்காலம் எல்லாரும் தண்ணி கொதிக்கக் கேத்தலைப் போட்டா பல்ப்பு மின்மினியாட்டம் ஆயிடும். பட்டனுக்குள்ள இருக்க போர்டு போச்சுன்னா கொழும்புக்குத் தூக்கிட்டு ஓடணும். பெல்ட்டை மாத்தி வேகம் வைக்கிறதாப் பாருன்னாரு. பெல்ட் அறுந்தா ஹட்டன்லயே வாங்கிக்கலாம்ல?"

நானா அசந்துபோனார். "உங்க வீட்டுக்காரரு வெவரமான ஆளுதான்."

"ரொம்ப" என்றாள் ஜீவராணி, சிரிக்காமல்.

விவரமாக இல்லாவிட்டால் முடியுமா? போன மாதம்தான் தோட்டத்து வேலையாட்களின் பதிவான செக்ரோலில் பேரை வெட்டியாயிற்று. இனிமேல் திரும்பிப் போய் வேலை கேட்டால் கணக்கப்பிள்ளை சிரிப்பார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், தேயிலைக் கட்டையில் கடைந்த கிண்ணங்கள் கேட்டிருக்கிறது. சேர்த்து வைத்த காசுக்கு ஒரே ஒரு மெஷின்தான் வரும். அது தப்பாகிப் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

இரண்டாவது மெஷின் நல்ல நீளம். அதன் வால்முனையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். "ஆடுது நானா. கட்டை சுத்துறப்போ மேசையோட சேந்து நடந்து போயிடும்."

மூன்றாவது குட்டை. பூசிய பச்சை நிறம் பார்க்கச் சகிக்காது. ஆனால் முழுக்க வார்ப்பிரும்பு, பெல்ட் போட்டது. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. அவளுக்கு உடனே பிடித்துவிட்டது.

"இதை ஓட்டிக் காட்டுங்க. கட்டையும் கொண்டாந்திருக்கேன்" என்று துணிப்பையிலிருந்து ஒரு தேயிலைக் கட்டையை எடுத்து வைத்தாள்.

நானாவின் முகம் மாறியது. "மரம் வச்சு ஓட்டினா மெஷின் பழசாயிடுமே. இது என் கையில இல்ல தங்கச்சி. முதலாளியைக் கேட்டுட்டு வாறேன்."

அவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முணுமுணுவென்று பேச்சுக் கேட்டது. திரும்பி வந்து கையை விரித்தார். "சும்மா ஓட்டிக் காட்டட்டாம். மரம் வேணாங்கிறாரு முதலாளி."

"இருங்க, நானும் அவரைக் கேட்டுர்றேன்."

ஜீவராணி கடைப் படிக்கு இறங்கிப் போனைக் காதில் வைத்தாள். நாலைந்து தடவை தலையாட்டிவிட்டு வந்தாள். "கட்டை வச்சுப் பாக்காம வாங்கினா வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டாரு."

நானா பெருமூச்சு விட்டபடி மறுபடியும் உள்ளே போனார். இந்தத் தடவை பேச்சு நீண்டது. முகத்தைக் காட்டாமல் உள்ளே உட்கார்ந்து ஆட்டிப் படைக்கும் அந்த முதலாளிமேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரியாம். அஞ்சே நிமிஷம்."

நானா கட்டையை மெஷினில் மாட்டப் பார்த்தார். ஒரு முனையை இறுக்கினால் மறுமுனை கழன்றது. அந்தக் கண்றாவியை அதற்குமேல் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தள்ளுங்க நானா."

கூந்தலை அள்ளிச் செருகினாள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டாள். கட்டையை நடுவில் நிறுத்தி இறுக்கி, பையிலிருந்த உளியை எடுத்து, சுவிட்சைப் போட்டாள். சீவல் சுருள் சுருளாகப் பறந்து நானாவின் சட்டையில் விழுந்தது. கோணல் கட்டை கண்ணெதிரே உருண்டையாகி வழவழத்தது. மெஷின் ஓர் இம்மியும் அசையவில்லை. ஜீவராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாஷா அல்லாஹ்! உங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் பழக்கியிருக்காரு" என்றார் நானா.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"எந்த வீட்டுக்காரரு? எனக்குக் கல்யாணமே ஆகல. கண்டியில ஆறு மாசம் இந்த வேலையைப் பழகினது நானு. செக்ரோல்ல பேரை வெட்டினதும் நானுதான். போன கிழமை ரெண்டு கடையில ஏறி எறங்கினேன். ஆம்பளையைக் கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. அதான் நானே ஒரு வீட்டுக்காரரை உண்டாக்கிட்டேன். இந்தப் போன் காலையிலயே செத்துப் போச்சு!"

நானா சட்டையில் ஒட்டியிருந்த சீவலைத் தட்டிவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மெஷினைக் கொண்டு போங்க தங்கச்சி. ஒரு வருஷத்துக்குள்ள மோட்டார் எரிஞ்சா புதுசு மாத்தித் தாறோம்."

"அதை நீங்க சொன்னா எப்பிடி? உங்க முதலாளி சொல்லட்டும். இனி நானே பேசிக்கிறேன்."

அவர் தடுப்பதற்குள் ஜீவராணி திரைச்சீலையை விலக்கி உள்ளே போய்விட்டாள்.

உள்ளே பெயின்ட் வாளிகள் இருந்தன. உட்கார ஒரு கதிரை இருந்தது. ஆள் யாரும் இல்லை, வெளியே போக வேறு வாசலும் இல்லை.

பின்னாலேயே வந்த சப்ராஸ் நானா தலையைச் சொறிந்தார்.

"ஆளுக்கு நேரா ஏலாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது தங்கச்சி. அதான் கடை தொறந்த நாள்லேருந்து, இங்க வந்து சுவத்தைக் கேட்டுட்டுப் போறேன்" என்றார் முதலாளி.